பூக்காத செடியில் பறித்த பூ

சோலையப்பச் செட்டியார் பொய் சொல்கிறார் என்று சீதாலெட்சுமி முடிவு கட்டிவிட்டாள். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. காணாமல் போன மனைவி கடைசியாகக் கட்டியிருந்த சேலையை அவர் அத்தனை சுத்தமாக வர்ணித்தார்.

“கிளிப்பச்சைப் பட்டு. அரக்குக் கரை. முந்தியில வரிசையா மாங்கா. கரைக்கு மேல ஒத்தைச் சரிகை,” என்றார், கடை மேசையில் துணியைப் பிரித்துப் போடுகிறவரைப் போல. மஸ்ஜித் இந்தியா சாலையில் அவருக்கு ஜவுளிக்கடை இருந்தது. “காலைல குளிச்சா. கொல்லைல தாழம்பூ பறிச்சா. சாமி ரூம்புல சிவன் படத்துக்கு ஒரு மடல் வச்சா. மிச்சத்தைத் தலையில வச்சுக்கிட்டு, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. அவ்வளவுதான்.”

“எந்தக் கிழமை செட்டியார்?” என்று கேட்டார் யோகநாதன்.

“வெள்ளிக்கிழமை. போலீஸ்லயும் அதான் சொல்லியிருக்கேன். பேப்பர்லயும் அப்படித்தான் போட்டாங்க.”

துப்பறியும் யோகநாதனுக்கு ஐம்பதை நெருங்கும் வயது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேலே அலுவலகம். மனைவி இறந்ததிலிருந்து அந்த அலுவலகத்தின் பின்னறைதான் வீடும். இரவில் ரேடியோவைப் போட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர். பாட்டுக்காக அல்ல, அறையில் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக.

சீதாலெட்சுமி அவருடைய உதவியாளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து, ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போய், காசு வாங்கிக்கொண்டே கேட்கலாமே என்று இந்த வேலைக்கு வந்தவள். கம்போங் மேடானில் புருஷன், மாமியார், நாத்தனார், பிள்ளைகள் என்று கால் வைக்க இடமில்லாத வீடு. வாய் அதனால் வளர்ந்தது என்பது அவள் கட்சி.

செட்டியார் மனைவி மெய்யம்மை ஆச்சி காணாமல் போய் இரண்டு வாரம் ஆகப் போகிறது. போலீஸ்காரர்கள் கோயில் வாசலில் கேட்டார்கள், ஆற்றங்கரையில் தேடினார்கள். கிளிப்பச்சைப் பட்டும் தாழம்பூவுமாக ஓர் அம்மாளை எவனும் பார்க்கவில்லை. இப்போது இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்ல செட்டியார் மேலேயே திரும்பியிருந்தது. அவரோ தன்னைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“உசிரோட இருக்காளா இல்லையான்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க,” என்றார். “வேற ஒண்ணும் வேணாம்.”

வீட்டைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டுக்கொண்டு இருவரும் எழுந்தார்கள். கூடத்தில் ஒரு சாப்பாட்டு மேசை, ஒரே ஒரு நாற்காலி. மேசையில் மெஸ்ஸிலிருந்து வந்த கேரியர். ஆச்சிக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அவர் சமையல் தனி, செட்டியாருக்கு மெஸ் சாப்பாடு. மெஸ்காரன் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டுப் போவான், செட்டியார் கடையடைத்து வந்து தானே போட்டுச் சாப்பிடுவார். அவர் படுக்கை மாடியில். ஆச்சியின் படுக்கை அடுக்களைக்குப் பக்கத்து அறையில்.

அந்த அறையின் அலமாரியைத் திறந்ததும் சீதாலெட்சுமி மூக்கை உறிஞ்சினாள். உள்ளே தாழம்பூ வாசம் கம்மென்று நின்றது. மடித்து வைத்த நூல் சேலைகளுக்கு நடுவிலும், செட்டியாரின் வேட்டிகளுக்கு நடுவிலும் காய்ந்த மடல்கள்.

“பூ நெசம்தான் பாஸ்,” என்றாள். “பட்டுதான் இடிக்குது. எல்லாம் நூல் சேலை. கல்யாணப் பட்டு ஒண்ணே ஒண்ணு அடியில கெடக்கு.”

“கட்டிக்கிட்டுப் போன பட்டு அலமாரியில எப்படி இருக்கும்?”

“அது சரி. ஆனா எங்க வீட்டுக்காரருகிட்ட நான் இன்னிக்கு என்ன கலர் கட்டியிருக்கேன்னு கேளுங்க. ‘சேலை கலர்’னு சொல்வாரு. முந்தி மாங்காவரைக்கும் சொல்ற புருஷன் உலகத்துலயே இல்ல. இருந்தா அவன் எதையோ மறைக்கிறான்.”

கொல்லையில் சாக்கடை ஓரமாக ஒரு புதர் இடுப்பளவு மண்டியிருந்தது. நீள நீளமாக வாள் போன்ற இலை. சீதாலெட்சுமி ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கினாள். புதுச் சோற்றின் மணம் வந்தது.

“இது பாண்டான் லா. நாசி லெமாக்குல, அதான் மலாய்க்காரங்க தேங்காப்பால் சோத்துல, போடுறது. பாக்கத் தாழை மாதிரிதான் இருக்கும்.”

“இதுல பூ வருமா?”

“கல்யாணமான நாள்லேர்ந்து சமைக்கிறேன், நான் பாத்ததில்ல. அதுக்காக வராதுன்னு சொல்ல முடியுமா? எங்க நாத்தனார் சிரிச்சும்தான் நான் பாத்ததில்ல.”

வேலிக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு இராசேஸ்வரி, ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துக்காரர். துணி உலர்த்த வந்தவர் போல நின்றாரே தவிர கையில் துணி இல்லை.

“பிள்ளை, அந்த ஆச்சியின்ர கையை நீங்கள் பார்த்திருக்க வேணும்,” என்றார் மெல்லிய குரலில். “முழங்கை வரைக்கும் கீறல். ஒண்டு ஆற முன்னம் இன்னொண்டு. என்னெண்டு கேட்டால் சிரிச்சுப் போட்டுப் போயிடுவா. அவர் ஒரு வார்த்தை சத்தமாய்ப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சத்தம் போடாத மனுசரைத்தான் நம்பக் கூடாது.”

காருக்குத் திரும்பும்போது சீதாலெட்சுமி வழக்கையே முடித்துவிட்டாள். அடிக்கிற புருஷன், அளந்து விட்ட சேலை, காணாமல் போன மனைவி. இனி எந்த இடத்தில் தோண்டுவது என்பதுதான் பாக்கி.

“ஒண்ணு யோசி,” என்றார் யோகநாதன். “நகரத்தார் வீடு. நெத்தி நிறைய விபூதி. அந்த வீட்டுல சிவன் படத்துக்குத் தாழம்பூ வைப்பாங்களா?”

சீதாலெட்சுமி சாவியைத் திருகாமல் கையை எடுத்தாள். சிவனின் முடியைப் பார்த்துவிட்டதாகப் பிரம்மா சொன்ன பொய்க்குச் சாட்சி சொல்லி, இனி என் பூசைக்கு ஆகமாட்டாய் என்று சாபம் வாங்கிய பூ அது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை.

“அப்ப அந்தக் காலத்துப் பொய்ச்சாட்சியை வச்சு இந்தக் காலத்துல பொய்ச்சாட்சி சொல்றாரு,” என்றாள்.

“பொய்தான். ஆனா கொலைகாரன் இவ்வளவு மோசமா பொய் சொல்ல மாட்டான். இது அந்தச் சாமி ரூம்புக்குள்ள எட்டியே பாக்காத ஆளு சொல்ற பொய்.”

பாண்டான் இலை ஒன்றும், அலமாரியிலிருந்து எடுத்த காய்ந்த மடல் ஒன்றும் அவர் சட்டைப் பையில் இருந்தன. இந்தச் செடியில் இந்தப் பூ வந்திருக்க முடியுமா என்பதற்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே மனிதர் இரண்டு தெரு தள்ளி இருந்தார்.

கந்தப்பு வனத்துறையில் செடிகளை உலர்த்தி, பெயர் எழுதி, அடுக்கி வைக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் லண்டனில். வீடு முழுக்கப் பழுப்புக் காகிதத்தில் உலர்ந்த செடிகள். கதவைத் தட்டியதும் திறந்த வேகத்தைப் பார்த்தால் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தவர் போல இருந்தது.

“இது ரம்பை,” என்றார் இலையை முகர்ந்து. “மலாய்க்காரர் பாண்டான் எண்டு சொல்லுவினம். மற்றது தாழம்பூ மடல். என்ன கேள்வி?”

“இந்தச் செடியில இந்தப் பூ வருமா அங்கிள்?”

கந்தப்பு சிரித்தார். சிரித்துப் பழக்கம் விட்டுப்போன சிரிப்பு.

“ரண்டும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். பாண்டனஸ். தென்னை, வாழை, புல்லு மாதிரி ஒற்றை வித்திலைக் கூட்டம். அதோட உறவு முடிஞ்சுது. இந்த ரம்பை பூத்து நான் என்ர சேவைக்காலத்தில ஒருக்காலும் கண்டதில்லை. அம்போன் தீவுப் பக்கம் எப்பவோ ஒரு ஆண் பூ கண்டதாய் எழுதி வைச்சிருக்கினம். பெண் பூவை இண்டைவரைக்கும் ஒருத்தரும் காணேல்லை. பூவில்லை, காயில்லை, விதையில்லை. பக்கக் கன்றை முறிச்சு ஆரும் நட்டால் உண்டு.”

“காட்டுல?”

“எந்தக் காட்டிலும் இல்லை. ஒரு வீட்டுக் கொல்லையிலயிருந்து அடுத்த வீட்டுக் கொல்லை. அதுதான் அதின்ர ஊர்.”

அவர் எழுந்து போய் ஒரு காகித அடுக்கைப் பிரித்தார். உள்ளே நீண்ட, வெளிறிய இலை. “இது தாழை. தொட்டுப் பார் பிள்ளை.”

சீதாலெட்சுமி தொட்டாள், உடனே விரலை வாயில் வைத்துக்கொண்டாள். இலையின் இரண்டு ஓரத்திலும், அடிப்பக்க நடு நரம்பிலும் ரம்பம் போல முள்.

“கடற்கரை மணல், உப்புக் காத்து, அதுக்கு அது போதும். ஆண் மரம் வேறை, பெண் மரம் வேறை. மணக்கிறது ஆண் பூ. இந்தியக் கரையில தொடங்கிப் பசிபிக் தீவுவரைக்கும் நிக்குது. ஒருத்தரும் தண்ணி ஊத்தத் தேவையில்லை.”

“அப்ப அழிஞ்சு போயிருமோன்னு பயப்பட வேண்டியது இதுல எந்தச் செடிக்கு?” என்றாள் சீதாலெட்சுமி.

“அருகிப் போற செடியள் எண்டு எழுதி வைக்கிற கணக்கில ரண்டுமே இல்லை. தாழைக்குப் பயமில்லை, அதால இல்லை. ரம்பைக்குக் காடே இல்லை. இல்லாத காட்டிலயிருந்து அது எப்பிடி அழியிறது? நட ஆளிருக்கும் மட்டும் ஊர் முழுக்க நிக்கும். நட ஆளில்லாத அண்டைக்கு முடிஞ்சுது.”

“எங்க வீட்டுக்காரரு ஜாதி,” என்றாள் சீதாலெட்சுமி. “வேளாவேளைக்கு ஊத்தணும்.”

கந்தப்பு கேட்காமலேயே மூன்று கோப்பைத் தேநீர் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவசரம் இருந்தும் யோகநாதன் உட்கார்ந்து முழுவதையும் குடித்தார். போகும்போது கந்தப்பு வாசல்வரை வந்து, வேறு ஏதாவது செடி கிடைத்தாலும் கொண்டு வரச் சொன்னார். கார் திரும்பும்வரை அங்கேயே நின்றார்.

“ஆக, செட்டியார் அடிக்கல,” என்றாள் சீதாலெட்சுமி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. அவளுடைய தீர்ப்பு மாறியதில் அவளுக்கே கொஞ்சம் வருத்தம். “தாழை கீறியிருக்கு. ஆச்சி கடற்கரைக்குப் போயிப் போயிப் பூ வெட்டியிருக்காங்க. புருஷனுக்கு அது தெரியாது. வீட்டுல வாசம் வந்துச்சு, கொல்லைல தாழை மாதிரி ஒண்ணு நிக்குது. அங்கேர்ந்துதான் வருதுன்னு நெனச்சுட்டாரு.”

“சோத்துல ஒரு நாள் அந்த இலை கெடந்து பாத்திருந்தாக்கூடத் தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப எதுக்கு பாஸ் பறிச்சதைப் பாத்தேன்னு சொன்னாரு?”

“அதை அப்புறம் பாப்போம். இப்பப் பூ போற வழியில போவோம்.”

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளில் தாழம்பூ இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் கிள்ளானுக்குக் கை காட்டினார்கள். மதியம் சாயும் நேரத்துக்கு அவளுடைய பழைய டட்சன் கிள்ளான் கடைத்தெருவில் நின்றது. தம்புசாமி என்பவரின் பூக்கடையில், மல்லிகைச் சரங்களுக்கு மேலே, தாழம்பூ மடல் வைத்துத் தைத்த மணப்பெண் ஜடைகள் வரிசையாகத் தொங்கின.

“மத்த பூ மாதிரி தாழம்பூ லோரியில வராது பாஸ்,” என்றார் தம்புசாமி. “இதெல்லாம் மோரிப் கடற்கரைப் பூ. ஓர் ஆச்சி தைக்கிறாங்க. நல்ல கை. முந்தியெல்லாம் செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை அங்க போயித் தச்சு எடுத்துட்டு வருவாங்க. இப்பப் பஸ்ஸுல குடுத்து விடுறாங்க.”

யோகநாதன் செட்டியார் கொடுத்த புகைப்படத்தை நீட்டினார். தம்புசாமி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இவங்கதான். ஆனா ஏன் இப்படி உம்முனு இருக்காங்க? எங்க கடைல உக்காந்தா சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களே.”

“பேப்பர்ல பாக்கலியா அண்ணே? காணோம்னு போட்டிருந்துச்சே,” என்றாள் சீதாலெட்சுமி.

“படிச்சேன். படம் வெறும் கறுப்பா இருந்துச்சு. பட்டுச் சேலை கட்டி, தலையில தாழம்பூ வச்ச அம்மான்னு போட்டிருந்தான். வேற யாரோன்னு நெனச்சேன். இந்த ஆச்சி தலையில ஒரு பூவும் வைக்க மாட்டாங்க.”

செட்டியாருடைய சாட்சியம் மனைவியைத் தேடித் தருவதற்குப் பதிலாக, அவரைத் தேடியவர்கள் கண்ணையெல்லாம் கட்டிவிட்டிருந்தது. ஆச்சி யாருக்கும் ஒளியவில்லை. கடைத்தெரு நடுவில் உட்கார்ந்து சிரித்தே பழகியவரை, இப்படி இருப்பார் என்று சொல்லப்பட்ட விதத்தில் அவர் இல்லாததால், தெரிந்தவர்கள்கூடக் கண்டுகொள்ளவில்லை.

மோரிப்பில் கடல் வற்றியிருந்தது. சவுக்கு மரங்களுக்குப் பின்னால் தாழைப் புதர்கள், யாரும் நடாமலேயே, வேரை ஊன்றுகோல் போல மணலில் ஊன்றி நின்றன. ஒரு சீனர் மளிகைக்கடையின் பின்கட்டில் ஓர் அறை. அதன் வாசலில் ஊதா நூல் சேலை கட்டி, மடியில் பாதி தைத்த ஜடையோடு உட்கார்ந்திருந்தார் மெய்யம்மை ஆச்சி. கூந்தலில் பூ இல்லை. கையில் புதிதாக இரண்டு கீறல்.

உயிரோடு இருக்கிறார். இத்தனை நேரமும் ஆற்றங்கரையைத்தான் யோகநாதன் மனதுக்குள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது.

“செட்டியார் அனுப்பி வந்திருக்கோம் ஆச்சி,” என்றார்.

ஆச்சி ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“அவுகளா? அவுகளுக்குத் தெரிஞ்சிருச்சா?”

“என்ன ஆச்சி, ஊரே தேடுது,” என்று சீதாலெட்சுமி போலீஸ் தேடியதையும், பேப்பரில் வந்ததையும், கிளிப்பச்சைப் பட்டையும் மடமடவென்று சொன்னாள். ஆச்சி கேட்டுக்கொண்டே வந்தார். மாங்காய் முந்தி வந்ததும் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அது அவுக கடை வாசல் கண்ணாடிக்குள்ள நிக்குதே பொம்மை, அதுக்குக் கட்டியிருக்கிற சீலை.”

சீதாலெட்சுமி யோகநாதனைத் திரும்பிப் பார்த்தாள்.

“பூ?” என்றார் யோகநாதன்.

“தலையில பூ வச்சா எனக்கு ஒத்தைத் தலைவலி வரும். கல்யாணத்தன்னைக்கே வந்துச்சு. அன்னைலேர்ந்து வச்சதில்ல. பூ வாசம் மட்டும் பிடிக்கும். அதான் துணிக்கு நடுவுல வைக்கிறது.”

“வெள்ளிக்கிழமை காலைல கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனதா...”

“வெள்ளிக்கிழமையா?” ஆச்சி அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. “நான் செவ்வாக்கிழமைல்ல வந்தேன்.”

கடைக்குள் சீனர் தகர டின்களை அடுக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லாம வரல தம்பி,” என்றார் ஆச்சி. “திங்கக்கிழமை ராத்திரி அவுக சாப்பிடயில எதிர்க்க நின்னு சொன்னேன். மோரிப்புல ஒரு அறை பாத்திருக்கேன், கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கப் போறேன்னேன். ‘ம்’னாக. என்ன ஏதுன்னு கேப்பாகன்னு நின்னேன். தயிரை எடுத்து ஊத்திக்கிட்டாக.”

“கோவமா ஆச்சி?” என்றாள் சீதாலெட்சுமி. அவள் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

“கோவப்பட என்ன இருக்கு? ஒரு நாள் கை ஓங்கினதில்ல, ஒரு சொல்லு கடுசாச் சொன்னதில்ல. கல்யாணம் முடிஞ்சதும் அவுக இங்க வந்துட்டாக, நான் ஊர்ல. மூணு வருஷத்துக்கு ஒருக்கா வருவாக. அப்ப எல்லாம் காத்துக்கிட்டு இருப்பேன். பெரிய வீடு, தனியாத்தான் கெடந்தேன், ஆனா காத்திருக்கிறதுக்கு ஒரு ஆள் இருந்தாக. கடைசியா இங்க கூட்டிட்டு வந்தாக. அப்புறம் யாருக்குன்னு காத்திருக்கிறது? எதிர்க்கவே உக்காந்திருக்காக.”

அவர் ஜடையை மடியில் திருப்பிப் போட்டார். மாசி மகத்துக்குக் கோயில் பஸ்ஸில் இங்கே வந்தபோதுதான் முதல் முதலாக அந்த வாசத்தைப் பிடித்தாராம். பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டு, புதருக்குள் கை விட்டு, கீறிக்கொண்டு ஒரு பூவை ஒடித்தாராம். மறு செவ்வாயே தனியாகப் பஸ் ஏறிவிட்டார்.

“வீட்டுக்கு வர்றீங்களா ஆச்சி?” என்று கேட்டார் யோகநாதன். அதைக் கேட்கும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. செட்டியார் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு விடையும் கிடைத்துவிட்டது. ஆனாலும் கேட்டார். பின்னறையில் ரேடியோ போட்டுத் தூங்குகிற மனிதர் வேறு எதைக் கேட்பார்?

“இப்ப வரல. உசிரோட இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. நாளைக்கு நானே பக்கத்துல பந்திங் போலீஸ் ஸ்டேசனுக்குப் போயி ஆள் இருக்கேன்னு சொல்லிட்டு வந்துர்றேன், அவுகளை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. ஆனா நீங்க இந்த எடத்தைச் சொல்லாதீங்க. பாக்கணும்னு தோணுச்சுன்னா நாலு பேருகிட்டக் கேட்டு வரட்டும். என்னைப் பத்தி அவுக யாருகிட்டயும் எதுவும் கேட்டதில்ல.”

பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. செட்டியார் அன்று கடைக்கே போகாமல் வீட்டில் இருந்தார். மேசையில் கேரியர் திறக்காமல் இருந்தது. அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், இருவரையும் கண்டதும் எழுந்து நின்றார்.

“உசிரோட இருக்காங்க. நல்லா இருக்காங்க,” என்றார் யோகநாதன்.

செட்டியார் மெதுவாக உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். சீதாலெட்சுமி சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்க இருக்காங்கன்னு இப்பச் சொல்ல முடியாது. அவங்க கேட்டுக்கிட்டாங்க. ஆனா நீங்க எனக்கு ஒண்ணு சொல்லணும் செட்டியார். அவங்க போனதை நீங்க பாக்கல, இல்லையா?”

செட்டியார் துண்டை எடுக்காமலேயே தலையை ஆட்டினார்.

“வெள்ளிக்கிழமை காலைல, சலவையிலேர்ந்து வந்து வச்சபடியே கெடந்த வேட்டியை எடுத்துக் கட்டினேன். வெறும் சோப்பு வாசம் வந்துச்சு. தாழம்பூ வாசம் இல்ல. என்னமோ மாதிரி இருந்துச்சு. மெய்யம்மைன்னு கூப்பிட்டேன். கூப்பிட்டு எத்தனை நாளாச்சோ, எனக்கே என் குரலு புதுசா இருந்துச்சு. ஆளைக் காணோம்.” அவர் துண்டை மடியில் போட்டார். “போலீஸ்காரரு என்ன கட்டியிருந்தாங்கன்னு கேட்டாரு. சின்ன வயசுப் பையன். முப்பத்தஞ்சு வருஷம் கட்டுன பொண்டாட்டி என்ன கட்டியிருந்தான்னு எனக்குத் தெரியலன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்றது? வாய்ல வந்ததைச் சொன்னேன். பூவும் அப்படித்தான். வியாழக்கிழமை ராத்திரியே போயிருப்பாபோல. நான்தான் காலைலன்னு சொல்லிட்டேன். அதனாலதான் தேட முடியாமப் போச்சா?”

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யோகநாதனுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அந்த வீட்டில் சொல்லாமல் விட்டது ஏற்கெனவே அதிகம்.

“வியாழக்கிழமை இல்ல செட்டியார். அவங்க செவ்வாய்க்கிழமை போயிட்டாங்க.”

செட்டியார் முதலில் அதைச் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. கிழமைகளை விரல் விட்டுப் பார்ப்பவர் போல இருந்தார். பிறகு அவர் தலை அடுக்களைப் பக்கம் திரும்பியது.

“அப்படி இருக்காதே,” என்றார். “புதன்கிழமை ராத்திரி நான் அவகிட்டப் பேசினேனே. இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு, கடைல ஒரு பய கண்ணாடியை உடைச்சதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சொன்னேன். அவ உள்ள இருந்தா. எப்பவும்போல பதில் சொல்லாமக் கேட்டுக்கிட்டு இருந்தா.”

அன்று அடுக்களையில் விளக்கு எரிந்ததா என்று கேட்க யோகநாதனுக்கு வாய் வரவில்லை.